ஐஸ்கிரீமுக்கு வாங்கிய குவார் கம் பொடியை அப்பா சர்க்கரைக்குக் குடிக்கலாமா?

வேளச்சேரி வாசு

எல்லோருக்கும் வணக்கம். பிள்ளைகளுக்கு லீவு விட்டாச்சு, வீட்டிலேயே மாம்பழ ஐஸ்கிரீம் போடலாம் என்று பாரிமுனைப் பக்கம் எசன்ஸ், கலர் பொடி எல்லாம் விற்கும் ஒரு கடையில் குவார் கம் 100 கிராம் வாங்கி வந்தேன். பெரிய மூட்டையிலிருந்து அள்ளி ஒரு பாலிதீன் கவரில் போட்டுக் கொடுத்தார்கள், மேலே ஒன்றும் எழுதவில்லை. பழுப்பு வெள்ளையாக இருக்கிறது, மோந்தால் பச்சைப் பயறு மாவு வாசனை.

பிரச்சினை ஐஸ்கிரீம் இல்லை, அப்பா. வயது 71, சர்க்கரை பல வருஷமாக இருக்கிறது, மெட்ஃபார்மின் இரண்டு வேளை, காலையில் கிளிமெபிரைடு. அவருடைய வாட்ஸ்அப் குழுவில் கொத்தவரை விதைப் பொடியைத் தண்ணீரில் கலக்கிக் குடித்தால் சர்க்கரை இறங்கும், போகப் போக மாத்திரையே வேண்டாம் என்று யாரோ போட்டிருக்கிறார்கள். குவார் கம் என்பதும் கொத்தவரை விதைதான் என்று தெரிந்ததும் அந்தக் கவரைத் தன் அலமாரியில் வைத்துக்கொண்டார். நாளைக் காலையிலிருந்து வெறும் வயிற்றில் ஒரு ஸ்பூனாம். என் மனைவி ஒரு பக்கம், இது கடை ஐஸ்கிரீம் டப்பாவில் 412 என்று போடுகிறார்களே அந்தக் கெமிக்கல்தானே, பிள்ளைகளுக்கே வேண்டாம் என்கிறாள். ஒரே பொடி, ஒருவருக்கு மருந்து, இன்னொருவருக்கு விஷம். விவரம் தெரிந்தவர்கள் யாராவது சொல்லுங்கள், இன்று ராத்திரிக்குள் சொன்னால் புண்ணியமாகப் போகும்.

மாதவரம் மணி

பால் பொருள் தொழிற்சாலையில் தயாரிப்புப் பிரிவில் இருக்கிறேன், ஐஸ்கிரீம் பக்கம் மட்டும் நான் சொல்கிறேன், மருந்து பக்கம் வேறு யாராவது வரட்டும்.

412 என்பது குவார் கம்முக்கான எண்தான், உங்கள் மனைவி சொன்னது சரி. ஆனால் எண் போட்டதாலேயே கெமிக்கல் ஆகிவிடாது. முற்றிய கொத்தவரை விதையை உடைத்து, தோலையும் நடுவிலுள்ள முளையையும் நீக்கினால் மிஞ்சும் வெள்ளைப் பகுதியை அரைத்ததுதான் இந்தப் பொடி. அதில் இருப்பது கேலக்டோமேன்னன் என்ற நீளமான சர்க்கரைச் சங்கிலி. நம் வயிற்றால் அதை உடைக்க முடியாது, ஆனால் தண்ணீரைக் கண்டால் பிடித்து வைத்துக்கொள்ளும். அதற்காகத்தான் ஐஸ்கிரீமில் போடுகிறோம். உங்கள் ஏரியாவில் கரண்ட் ஒரு மணி நேரம் போய் வந்தால் ஃப்ரீசரில் இருக்கும் ஐஸ்கிரீம் லேசாக இளகி மறுபடி உறையும், அப்படி உறையும்போது சின்னச் சின்ன ஐஸ் பொடிகள் சேர்ந்து பெரிதாகி நாக்கில் நறநறவென்று படும். தண்ணீர் நகர முடியாமல் கோந்து பிடித்து வைத்திருந்தால் அந்த நறநறப்பு வருவதற்கு ரொம்ப நாளாகும்.

அளவுக்கு வருவோம். ஒரு லிட்டர் கலவைக்கு 2 கிராம் போதும், தலை தட்டின டீஸ்பூனில் முக்கால் கூட வராது. இதற்கு மேல் போட்டால் ஐஸ்கிரீம் கரையவே கரையாமல் வாயில் பிசுபிசுவென்று ஒட்டும். நேராகப் பாலில் கொட்டாதீர்கள். வெளிப்பக்கம் உடனே ஊறி ஒரு தோல் கட்டிக்கொள்ளும், உள்ளே பொடி காய்ந்தபடியே கிடக்கும், மிக்ஸியில் அடித்தாலும் அந்தக் கட்டி சுலபத்தில் உடையாது. ஐந்து மடங்கு சர்க்கரையோடு உலர்வாகக் கலந்துகொண்டு, பாலைக் கலக்கிக்கொண்டே மேலே தூவுங்கள். சூடுபடுத்தத் தேவையில்லை, குளிர்ந்த பாலிலேயே ஊறும். ஆனால் ராத்திரி முழுக்க ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டுக் காலையில் அடியுங்கள், பதமே வேறு.

டப்பாவில் 412-க்குப் பக்கத்தில் 410, 407 இருந்தாலும் பயப்பட வேண்டாம். 410 கேரப் என்ற மரத்தின் விதை, மத்தியதரைக் கடல் பக்கத்தது, அதைச் சூடு பண்ணினால்தான் நன்றாகக் கரையும். 407 கடல்பாசியிலிருந்து எடுப்பது. குவார் மட்டும் போட்டால் பால் புரதமும் கோந்தும் ஒன்றோடொன்று சேராமல் கொஞ்ச நேரத்தில் அடியில் தண்ணீர் பிரியும், அதைத் தடுக்க 407-ஐ ஒரு சிட்டிகை சேர்ப்போம். வீட்டில் போட்டு அன்றைக்கே தீர்க்கப் போகிறீர்கள் என்றால் அதெல்லாம் வேண்டாம்.

ஒரு கணக்கு மட்டும் சொல்லிவிடுகிறேன், இரண்டு பேர் சண்டையும் தீரும். ஐஸ்கிரீமில் பாதி காற்று, 100 மில்லி கப் ஒன்றில் 50, 60 கிராம்தான் சரக்கு. அதில் இருக்கும் குவார் கம் ஏறக்குறைய 0.1 கிராம். பிள்ளைகளுக்கு அதனால் ஒன்றும் ஆகாது, அப்பாவுக்கு அதனால் ஒன்றும் குறையவும் குறையாது.

கே.கே.நகர் மருந்தாளுநர்

வாசு சார், முதலில் அந்தக் கவரை அலமாரியிலிருந்து எடுத்துவிடுங்கள், மீதியை நிதானமாகப் படிக்கலாம்.

அப்பாவுக்கு வந்த செய்தியில் பாதி உண்மை இருக்கிறது. 1970-களில் ஆக்ஸ்போர்டில் டேவிட் ஜென்கின்ஸ் என்பவரின் குழு சர்க்கரை நோயாளிகளுக்கு உணவோடு குவார் கம் சேர்த்துக் கொடுத்துப் பார்த்தது, சாப்பிட்ட பிறகு ஏறும் சர்க்கரை குறைவாக ஏறியது. பின்னாளில், எந்த உணவு சர்க்கரையை எவ்வளவு ஏற்றும் என்று காட்டும் கிளைசெமிக் இன்டெக்ஸ் என்ற அளவுகோலைக் கொண்டுவந்தவரும் இதே ஜென்கின்ஸ்தான். கொழுப்புக்கும் பலன் உண்டு. நாளைக்கு 10 கிராம் குவார் கம் இரத்தத்தில் கொலஸ்ட்ராலை இயல்பான அளவில் வைக்க உதவும் என்பதை ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2010-இல் ஏற்றுக்கொண்டது.

இப்போது மீதிப் பாதி. இது இரத்தத்தில் போய் வேலை செய்யும் மருந்து கிடையாது. வயிற்றில் சாப்பாட்டோடு கலந்து எல்லாவற்றையும் கூழாக்குகிறது, கூழிலிருந்து சர்க்கரை மெதுவாக வெளியே வருகிறது, அவ்வளவுதான் விஷயம். ஆகவே காலையில் வெறும் வயிற்றில் குடித்துவிட்டு ஒரு மணி நேரம் கழித்து இட்லி சாப்பிட்டால் பெரிய பிரயோஜனம் இல்லை, இட்லியோடு கலந்திருந்தால்தான் உண்டு. அப்படி ஆய்வுகளில் கொடுத்த அளவு பெரும்பாலும் வேளைக்கு 5 கிராம், நாளைக்கு 15. ஒரு டம்ளர் தண்ணீர் 200 மில்லி என்றால் அதில் 2 கிராம் போட்டாலே கொஞ்ச நேரத்தில் ஸ்பூனைத் தூக்கினால் சொட்டாமல் இழுத்துக்கொண்டு வரும். 5 கிராம் போட்டுப் பாருங்கள், அது பானமே இல்லை. குடிக்க முடியாமல்தான் பலர் விட்டுவிட்டார்கள், வாயு வேறு. பெருங்குடலில் இருக்கும் பாக்டீரியாவுக்கு இது விருந்து, அது தின்னும்போது வயிறு உப்பும்.

இப்போது ஆபத்து. பொடியை வாயில் போட்டு இரண்டு மடக்குத் தண்ணீர் குடிக்கும் பழக்கம் நம் வீட்டுப் பெரியவர்களுக்கு உண்டு, சூரணம் சாப்பிட்டுப் பழகிய கை. இதை அப்படிச் சாப்பிடவே கூடாது. தொண்டையிலோ உணவுக்குழாயிலோ ஒட்டிக்கொண்டு அங்கேயே ஊதிவிடும். 1990 வாக்கில் அமெரிக்காவில் உடல் எடை குறைக்க என்று குவார் கம் மாத்திரைகள் விற்றார்கள், உணவுக்குழாய் அடைத்துப் பலர் ஆஸ்பத்திரிக்குப் போன பிறகு அரசு அதை நிறுத்தியது. இன்றும் அங்கே இந்த வகைப் பொருள்களில் ஒரு முழு டம்ளர் தண்ணீரோடு மட்டுமே சாப்பிட வேண்டும், விழுங்கச் சிரமம் உள்ளவர்கள் தொடக்கூடாது என்று எச்சரிக்கை அச்சிட வேண்டும். இசப்கோல் உமிக்கும் இதே விதிதான், நம் ஊரில் அதைத்தான் யாரும் மதிப்பதில்லை.

அப்பாவுக்கென்று தனியாக இரண்டு விஷயம். குவார் கம் கூட இருந்தால் மெட்ஃபார்மின் உடம்பில் சேர்வது குறைகிறது, பென்சிலின் போன்ற வேறு சில மாத்திரைகளுக்கும் இது உண்டு. வழக்கமாக இப்படிப்பட்ட நார்ப் பொருளுக்கும் மாத்திரைக்கும் இரண்டு மணி நேரம் இடைவெளி விடச் சொல்வோம், ஆனால் மெட்ஃபார்மினும் சாப்பாட்டோடு, இதுவும் சாப்பாட்டோடு என்றால் இடைவெளிக்கு எங்கே போவது? அடுத்தது கிளிமெபிரைடு. அது பாட்டுக்கு இன்சுலினைச் சுரக்க வைத்துவிடும், சாப்பாட்டுச் சர்க்கரை தாமதமாக வந்தால் நடுவில் சர்க்கரை தாழ்ந்து மயக்கம் வரலாம். 71 வயதில் பாத்ரூமில் அது நடக்கக்கூடாது. அவருடைய டாக்டர் அளவு சொல்லி, மாத்திரையையும் மாற்றியமைத்துக் கொடுத்தால் தாராளமாகச் சாப்பிடட்டும். வாட்ஸ்அப்புக்கு அந்த வேலை வேண்டாம்.

சௌகார்பேட்டை ஜோத்பூர்க்காரன்

பிறந்தது வளர்ந்தது எல்லாம் மின்ட் தெரு, ஆனால் தாத்தா ஊர் ஜோத்பூர் பக்கம், அங்கே இது எங்கள் நிலத்துப் பயிர். உலகத்துக் குவாரில் பெரும் பங்கு இந்தியாவில்தான் விளைகிறது, அதிலும் ராஜஸ்தான்தான் முதல். மழை வந்தால் விதைப்போம், ஐப்பசி வாக்கில் அறுப்போம், பிஞ்சு சப்ஜிக்கு, முற்றியது ஆலைக்கு, கோந்து எடுத்த பிறகு வரும் தூளும் பருப்பும் மாட்டுக்கு. ஒன்றும் வீணாகாது.

நான் எழுத வந்தது அந்தப் பெயரில்லாத பாலிதீன் கவரைப் பற்றி. குவார் கம் எல்லாமே சாப்பிடுவதற்காக அரைப்பதில்லை. துணிக்குச் சாயம் அச்சடிக்க, காகித ஆலைக்கு, எண்ணெய்க் கிணற்றுக்கு என்று தனித்தனித் தரம் உண்டு. அமெரிக்காவில் பாறையை உடைத்து எண்ணெயும் வாயுவும் எடுக்கிறார்களே, அந்தத் தண்ணீர் கெட்டியாக இருந்தால்தான் மணலை விரிசலுக்குள் கொண்டு போகும், அதற்கு எங்கள் ஊர்ப் பொடிதான். 2012 தொடக்கத்தில் அந்தத் தேவையால் விலை எங்கோ போய், பின்னால் தரப்போகும் சரக்குக்கு இப்போதே விலை பேசும் முன்பேர வர்த்தகத்தையே மார்ச்சில் அரசு நிறுத்தியது, மறுபடி திறந்தது 2013 மே மாதம். அந்த வருஷம் ஊரில் டிராக்டர் வாங்காத வீடு இல்லை என்பார் சித்தப்பா, அவர் கொஞ்சம் கூட்டித்தான் சொல்வார்.

தரம் என்பது பேச்சுக்குச் சொல்வதல்ல. 2007-இல் இந்தியாவிலிருந்து ஐரோப்பாவுக்குப் போன குவார் கம்மில் டயாக்சின் என்ற நச்சும் பென்டாகுளோரோபீனால் என்ற பூச்சிக்கொல்லியும் இருந்தது பிடிபட்டது. அடுத்த வருஷத்திலிருந்து சோதனைச் சான்று இல்லாமல் அங்கே சரக்கை உள்ளே விடவில்லை. மூட்டையிலிருந்து அள்ளிக் கொடுத்தது எந்தத் தரம் என்று கடைப் பையனுக்கும் தெரிந்திருக்காது. எஃப்எஸ்எஸ்ஏஐ உரிம எண், தயாரித்த தேதி, பேட்ச் நம்பர் போட்ட சின்ன பாக்கெட்டாக வாங்குங்கள் அண்ணே. 100 கிராமுக்கு ஒன்றும் சொத்து கரையாது.

திருவான்மியூர் கலா

மருந்தாளுநர் சார் விழுங்கச் சிரமம் என்று ஒரு வார்த்தையில் சொல்லிவிட்டுப் போய்விட்டார், அதில்தான் நாங்கள் தினமும் இருக்கிறோம், அதனால் கொஞ்சம் நீட்டி எழுதுகிறேன்.

மாமியாருக்கு ஸ்ட்ரோக் வந்து தண்ணீர் குடித்தால் புரையேறும். திட உணவை விடத் தண்ணீர்தான் இவர்களுக்கு ஆபத்து, வேகமாக ஓடி மூச்சுக்குழாய்க்குள் இறங்கிவிடும், நுரையீரலில் சளி கட்டும். அதனால் தண்ணீர், மோர், காபி எல்லாவற்றையும் கெட்டியாக்கித்தான் கொடுக்க வேண்டும். விழுங்கும் பயிற்சி கொடுக்கும் தெரபிஸ்ட், எந்த அளவு கெட்டி என்று எண் போட்டுச் சொன்னார். 0 என்றால் சாதாரணத் தண்ணீர், 4 என்றால் ஸ்பூனில் அப்படியே நிற்கும். எங்களுக்கு 2.

அதை வீட்டில் சரிபார்க்க ஒரு வழி காட்டிக் கொடுத்தார். ஊசி இல்லாத 10 மில்லி சிரிஞ்ச், பூஜ்யத்திலிருந்து பத்து வரை கோடு 61.5 மில்லிமீட்டர் நீளம் இருக்க வேண்டும், எல்லாக் கம்பெனியும் அப்படி இருக்காது, ஸ்கேல் வைத்துப் பார்க்கணும். பிஸ்டனை உருவிவிட்டு, நுனியை விரலால் அடைத்து, மோரை 10 மில்லி வரை ஊற்றி, விரலை எடுத்துப் பத்து விநாடி விட்டு மறுபடி அடைக்க வேண்டும். உள்ளே 4 முதல் 8 மில்லிக்குள் மிச்சமிருந்தால் அது இரண்டாம் நிலை. 4-க்குக் கீழே போனால் இன்னும் கொஞ்சம் பொடி. இப்போது கண்ணால் பார்த்தே கணவர் சொல்லிவிடுகிறார், நான் நம்புவதில்லை, சிரிஞ்சை எடுத்துவிடுவேன்.

இதில் மாவு வகைப் பொடி ஒன்று, கோந்து வகை ஒன்று என்று இரண்டு கிடைக்கிறது. மாவு வகையில் எச்சில் பட்டதும் இளகும், வாயிலேயே வைத்துக்கொண்டு மெதுவாக விழுங்குபவர்களுக்கு அது உதவாது. கோந்து வகை இளகாது. கடையில் கோந்து வகை என்று வருவதில் பெரும்பாலும் சாந்தன் கம், அது செடியிலிருந்து வருவதில்லை, பாக்டீரியா செய்வது. குவாரை வாங்கி நானே கலக்கிக்கொள்ளலாமே, விலை குறைவு என்று கேட்டேன். தெரபிஸ்ட் ஒரேயடியாக வேண்டாம் என்றுவிட்டார். அது ஊற நேரமாகும், கொடுக்கும்போது இரண்டாம் நிலையில் இருப்பது குடித்து முடிப்பதற்குள் நான்கு ஆகிவிடும், கட்டி தட்டினால் அந்தக் கட்டியே தொண்டையில் நிற்கும். வாசு, உங்கள் அப்பாவுக்குச் சாப்பிடும்போது அடிக்கடி இருமல் வருகிறதா என்று ஒரு தடவை கவனியுங்கள். வந்தால் பொடி, உமி எதுவுமே வேண்டாம்.

வேளச்சேரி வாசு

எல்லோருக்கும் நன்றி. கவர் இப்போது குப்பையில். கலா மேடம் எழுதியதை அப்பாவுக்கே படித்துக் காட்டினேன், கொஞ்ச நேரம் பேசவில்லை, அப்புறம் புதுக் கேள்வியோடு வந்துவிட்டார். பொடி வேண்டாம் என்றால் கொத்தவரங்காயையே தினம் பொரியல் செய்து சாப்பிட்டால் அதே பலன் வராதா என்கிறார். அம்மா அதற்குள் வாயு என்று சொல்லி மறுத்துவிட்டார், அது வேறு சண்டை. மனைவி சிறுதானிய மாவில் பிரெட் செய்யவும் இதையேதான் போடுகிறார்களா என்று கேட்கச் சொன்னாள். இப்போது அவளுக்கு அது கெமிக்கல் இல்லை.

கே.கே.நகர் மருந்தாளுநர்

அப்பாவிடம் சொல்லுங்கள், கோந்து இருப்பது முற்றிய விதையில், நாம் பொரியலுக்கு வாங்குவது பிஞ்சு. பிஞ்சில் விதையே சரியாகத் திரண்டிருக்காது, 15 கிராம் கோந்துக்குக் கணக்குப் போட்டால் கோயம்பேடு மார்க்கெட்டே போதாது. ஆனாலும் சாப்பிடட்டும். பருப்பு உசிலியாகச் செய்தால் நார், புரதம் இரண்டும் கிடைக்கும், தட்டில் சோறும் கொஞ்சம் குறையும், மெட்ஃபார்மினோடும் சண்டை போடாது. வற்றல் மட்டும் வேண்டாம், உப்பில் ஊறியதை எண்ணெயில் பொரித்து எடுப்பது.

மலச்சிக்கலும் இருக்கிறது என்றால், குவார் கம்மை என்சைம் கொண்டு சின்னதாக வெட்டிய ஒரு வகை மருந்துக் கடையில் கிடைக்கிறது. தண்ணீரில் போட்டால் கெட்டியாகாது, டியூப் வழியாக உணவு எடுப்பவர்களுக்குக்கூடக் கொடுக்கிறார்கள். கெட்டித்தன்மை போய்விட்டதால் சர்க்கரைக்கு அந்தப் பழைய பலனை எதிர்பார்க்க முடியாது, வயிற்றுக்கு நல்லது. அதையும் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு.

மாதவரம் மணி

பிரெட்டுக்கு ஆமாம், இதுவேதான். கோதுமையில் இருக்கும் இழுவை கம்பிலும் சோளத்திலும் கிடையாது, ஈஸ்ட் விடும் காற்றைப் பிடித்து வைக்க ஆள் இல்லாமல் பிரெட் அமுங்கிவிடும். ஒரு கப் மாவுக்கு முக்கால் டீஸ்பூன் குவார் போட்டால் காற்று ஓரளவு நிற்கும். என் அனுபவத்தில் இசப்கோல் உமி இன்னும் நன்றாக வரும். உமியைத் தண்ணீரில் பத்து நிமிஷம் ஊற விட்டு, ஜெல் மாதிரி ஆனதும் மாவில் பிசையச் சொல்லுங்கள். சுட்ட பிறகு முழுக்க ஆறும்வரை கத்தி வைக்க வேண்டாம், சூட்டில் வெட்டினால் நடுவில் பிசின் மாதிரி இருக்கும், வேகவில்லை என்று மறுபடி அடுப்பில் வைக்கத் தோன்றும்.